ஸ்டூல் மேல் கிடந்த அழுக்குத் துணி

"மூக்கு என்னோட மூக்குதாங்க. அதுல யாரும் பங்கு கேக்க முடியாது."

கடைக்காரர் கேட்டது பை வேண்டுமா என்று மட்டும்தான். மூக்கைப் பற்றி அந்தக் கடையில் யாரும் வாயே திறக்கவில்லை.

"எங்க பேத்தியைத்தான் சொல்றேன். மூக்கு நான், நெத்தி அவங்கம்மா. காது மட்டும் மாப்பிள்ளை வீட்டுக் காது. அது வளர வளரச் சரியாயிடும்."

"சரிங்க ஐயா. பை வேணுமா?"

"ஐயா எல்லாம் எதுக்கு? தாத்தான்னே கூப்பிடுங்க."

கடைக்காரருக்குத் தாத்தாவைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, பார் சோப்பையும் சலவை சோடாவையும் ஒரு பையில் போட்டு நீட்டினார். தாத்தா அதை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. தாத்தா என்ற பட்டம் கிடைத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒன்றும் இவ்வளவு இனித்ததில்லை.

பிள்ளை பெற்ற மகளுக்கு ஒத்தாசையாகக் கணவனும் மனைவியுமாகத்தான் கிளம்புவதாக இருந்தது. கிளம்புகிற நேரத்தில் மனைவி படியில் தடுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டாள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இவர் மட்டும் போவது என்று முடிவானது. "குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியுமா, பாலைச் சூடு பண்ணத் தெரியுமா, போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று அவள் கட்டிலில் படுத்தபடி கேட்டாள். "துணி துவைப்பேன்டி" என்றார் இவர். அதை யாரும் மறுக்க முடியாது.

அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த ஒரு வேலைதான். ஓட்டல்களின் மேஜை விரிப்பு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பெரிய சலவைக் கூடத்தில், கறை எடுக்கிற மேஜை அவருடையது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கைக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

மகள் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே திரைச்சீலைகளைக் கழற்றினார். அடுத்து மெத்தை உறை, அடுத்து மாப்பிள்ளையின் யூனிஃபார்ம். மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. அவரே ஒரு நாள் காலையில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாமா, சட்டை தானா நிக்குது. நான் உள்ள நுழைஞ்சா மட்டும் போதும்."

"கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போச்சு மாப்பிள்ளை. போட்டுட்டுப் போங்க, ஸ்டியரிங்கைப் பிடிச்சா இளகிடும்."

குழந்தைக்கு வீட்டில் 'மேனேஜர்' என்று பெயர். அழுகை மணியை ஒரு தடவை அடித்தால் மூன்று பேரும் ஓடி வந்து கைகட்டி நிற்க வேண்டும், காரணம் சொல்ல மாட்டாள், எதற்கும் திருப்தி கிடையாது. தாத்தா அவளிடம் பேசுவதே 'வாங்க, போங்க' என்றுதான். "மேனேஜர் மேடம் இன்னிக்கு நல்ல மூடுல இருக்காங்க, கொட்டாவி விட்டாங்க" என்று பக்கத்து வீட்டு வாசலில் நின்று அறிவிப்பார். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றுகூடப் பார்ப்பதில்லை.

வீட்டில் அவர் கை படாத அறை ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. முன்பு ஸ்கூட்டர் பழுது பார்க்கிற கடையாக இருந்த, ஷட்டர் வைத்த அறை. மகள் அங்கேதான் படம் வரைவாள். வாரத்தில் பாதி நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர், மீதி நாள் இந்த அறை. ஷட்டரைப் பாதி தூக்கினால் வெளிச்சம் தரையோடு தவழ்ந்து வரும், முழுசாகத் தூக்கினால் தெருவே உள்ளே வந்துவிடும். சாயம் குழைக்க ஒரு பழைய கண்ணாடி மேஜைப் பலகை. தகர டப்பாக்களில் தலைகீழாக நிற்கும் தூரிகைகள். டர்பன்டைன் வாசனை குழந்தைக்கு ஆகாது என்று வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததுமே அந்த பாட்டிலை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டாள். இப்போது எல்லாம் ஆளிவிதை எண்ணெயிலேயே.

அவள் வரைகிற படங்கள் தாத்தாவுக்குப் புரிந்ததே இல்லை. மகள் நிலவு வரைவாள், பூ வரைவாள் என்று பார்த்தால், அவள் பஸ் சீட்டில் நடுவில் தேய்ந்து போன ரெக்ஸினை வரைந்தாள். ஆள் எழுந்து போன ஆஸ்பத்திரிக் கட்டிலின் பள்ளத்தை வரைந்தாள். மெக்கானிக் கடைச் சுவரில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கருத்த இடத்தைச் சுவரளவுக்கு வரைந்தாள். அதையும் காசு கொடுத்து ஒருவர் வாங்கிப் போனார். "அந்தச் சுவத்தையே பேத்துக் குடுத்திருக்கலாமே" என்று தாத்தா அப்போது கேட்டது குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

குழந்தை பிறக்கும் முன்பே பல மாதமாக அவள் தூரிகையைத் தொடவில்லை. கையே மரத்துப் போச்சு, இனிமேல் வராது போலிருக்கு என்று கணவனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நகரத்துக் கண்காட்சிக்காரர் ஒருவர், "உங்களுக்குன்னு ஒரு சுவர் ஒதுக்கி வச்சிருக்கேன், சனிக்கிழமை வேன் வரும், படத்தை ஏத்தி விடுங்க" என்று சொல்லியிருந்தார். என்ன வரைவது என்று தெரியாமல் தவித்தவளுக்கு ஒரு நாள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து மேனேஜர் தூங்குகிற நேரத்தில் எல்லாம் ஷட்டர் அறைக்குள் ஓடினாள். கதவளவு பெரிய படம். இடது பாதி முடிந்துவிட்டது. முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது. இந்தப் படம் முடிந்தால் கை திரும்பிவிட்டது என்று அர்த்தம், முடியாவிட்டால் இல்லை. அப்படித்தான் அவள் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தாள், வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

தாத்தாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த அறைக்குள் அவர் போகாமல் இருந்தார். மழை மட்டும் வராமல் இருந்திருந்தால் போயிருக்கவும் மாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தூறல். மகளும் பேத்தியும் நல்ல தூக்கம். ஈரத் துணியைக் காயப்போட இடம் தேடி ஷட்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். எதிரே பெரிய படம் சாய்ந்து நின்றது. பார்த்த உடனே தெரிந்தது, மலை. அடுக்கடுக்காக மலை. ஒரு உச்சியில் சாயங்கால வெயில், இன்னொன்றில் பனி, பள்ளத்தாக்கில் நீல இருட்டு. "அடடா, இப்பத்தான் பிள்ளை உருப்படியா ஒண்ணு வரைஞ்சிருக்கா" என்று மனதாரப் பாராட்டினார். மலைக்கு முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல், தூரிகை துடைத்துத் துடைத்துப் போட்ட கந்தல்கள் ஒரு குவியலாக.

அதைப் பார்த்ததும் அவருக்குக் கை அரித்தது. கிழிந்த படுக்கை விரிப்பு, பழைய பனியன், தலையணை உறை, ஒவ்வொன்றிலும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அப்பிக் கிடந்தது. பாவம், பச்சை உடம்பு, இதைத் துவைக்க அவளுக்கு நேரம் ஏது என்று நினைத்தார். ஒரே வாரலாக வாரிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார்.

அப்படி ஒரு சுகமான வேலை அவருக்குக் கிடைத்து எவ்வளவு காலம்! மண்ணெண்ணெயில் ஒரு தேய்ப்பு, கொதிக்கிற சோடாத் தண்ணீரில் ஒரு முக்கு, பார் சோப்பால் ஒரு சாத்து. சிவப்பு சீக்கிரம் சரணடைந்தது. மஞ்சள் கொஞ்சம் வழவழத்தது. நீலம் மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது, நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. பிழிந்து, பாதி காயவைத்து, மீதி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் விரட்டி, ஓரத்தோடு ஓரம் ஒட்ட மடித்து, அதே ஸ்டூலின் மேல் அடுக்கி வைத்தார். ஒரு நூல் வெளியே நீட்டவில்லை. இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மகள் எழுந்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, கொண்டையில் தூரிகையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, ஒரு மணி நேரம் இவளை வச்சுக்கோங்க. இன்னிக்கு அந்த வலது பக்க மடிப்பு முழுசும் புடிச்சுடுவேன்."

"நீ போ கண்ணு. மேனேஜரை நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"ஸ்டூல்ல இருந்தது எங்க?"

"அங்கயேதான் இருக்கு. ஒண்ணுகூடக் குறையல, வேணும்னா பிரிச்சுப் பாரு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் நெகிழ்ந்துவிட்டாள் என்று தாத்தா நினைத்தார். "இதுக்குப் போய் ஏம்மா கண்ணு கலங்கற? அப்பா செய்ய மாட்டேனா?"

அவள் விரலை நீட்டிப் படத்தைக் காட்டினாள். பிறகு ஸ்டூலைக் காட்டினாள். மறுபடி படம், மறுபடி ஸ்டூல். தாத்தாவின் தலையும் விரலோடு போய்ப் போய் வந்தது. இப்படிப் போய் வந்துகொண்டிருக்கும்போதே மலை மெல்லச் சரிந்தது. உச்சியில் இருந்த சாயங்கால வெயில், விரிப்பின் ஓரத்தில் துடைத்த ஆரஞ்சுச் சாயமாக மாறியது. பள்ளத்தாக்கு தலையணை உறையாகிவிட்டது.

"மலை இல்லையா அது?"

"மலையா!"

"பனியெல்லாம் படிஞ்சிருந்துச்சேம்மா..."

"அது வெள்ளை பெயின்ட் துடைச்ச உங்க மாப்பிள்ளையோட பனியன்ப்பா!"

தாத்தா மேனேஜரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவரை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, கிடைத்தது அவள்தான்.

"சரி, பாதிதான் பார்த்து வரைஞ்சுட்டியே. மீதியை மனசுல வச்சுப் போட்டுடேன். இல்ல, போன்ல ஒரு போட்டோ கீட்டோ..."

"கண்ணு முன்னாடி இல்லாததை நான் வரைய மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கு வராதுப்பா அது! எதனால தெரியுமா? உங்களாலதான்! சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்து உங்க கறை மேஜை ஓரத்துல உக்காந்திருப்பேன். ஒரு விரிப்புல குழம்பு கொட்டி அழகா ஒரு ஒட்டகம் இருக்கும். 'அப்பா, ஒட்டகம்'னு காட்டுவேன். நீங்க என்ன சொல்வீங்க?"

தாத்தா மெல்லச் சொன்னார்: "ஒட்டகத்துக்கு ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துல ஒட்டகம் காலி! நீங்க கை வைக்கறதுக்குள்ள பார்த்துப் பார்த்து வரைஞ்சாதான் உண்டு. அப்படித்தான் நான் வரையவே கத்துக்கிட்டேன். இன்னி வரைக்கும் கறையைப் பார்த்தா, இது போறதுக்குள்ள வரையணும்னு கை தானா பென்சிலைத் தேடுது. இத்தனை வருஷம் கழிச்சு, என் வீட்டுக்கே வந்து, என் ஸ்டூல் மேல இருந்ததையும்..."

தாத்தாவின் முகத்தில் விளக்கு ஏற்றிய மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்போ நீ ஓவியக்காரியானதே என்னாலதானா?"

"அப்பா!"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

செய்த தப்புக்குப் பரிகாரமாகத் துணியைத் திரும்ப அழுக்காக்கிவிடுவது என்று மதியம் முடிவெடுத்தார். ஒரு தலையணை உறையை விரித்துச் சாயக் குழாய்களைப் பிதுக்கி உட்கார்ந்தார். மகள் வந்து பார்த்தாள். மேல் ஓரத்தில் சிவப்பு, அதற்குக் கீழே அதே அகலத்தில் மஞ்சள், அதற்கும் கீழே பச்சை.

"அப்பா, அழுக்கைக்கூட வரிசையா வச்சிருக்கீங்க."

"கை பழகிப் போச்சும்மா."

"இது நீங்க பண்ணின அழுக்கு. அது வேலையில வந்த அழுக்கு. எத்தனையோ படத்துல மிஞ்சினது எல்லாம் அதுல இருந்துச்சு." சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தாத்தாவுக்கு அந்த உறையைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அதையும் துவைத்துவிட்டார்.

மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். எதிர்ப்பக்கம் வெகுநேரம் இருமல் சத்தம் கேட்டது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஏங்க, நான் கேக்கறேன், உங்களை யாராவது அந்த ரூமுக்குள்ள வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாங்களா?"

"மழைடி."

"மழையில நனைய வேண்டியது துணியா, நீங்களா? ஒழுங்கா என் பொண்ணைச் சமாதானம் பண்ணுங்க. இல்லன்னா கட்டோட கிளம்பி வந்துடுவேன்."

ராத்திரி சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்குக் கண்காட்சிக்காரருக்குப் போன் பண்ணி, அந்தச் சுவரை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொல்லிடறேன்." மாப்பிள்ளை தாத்தாவைப் பார்த்தார். தாத்தா தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மேனேஜருக்குக் காரணமில்லாத கோபம். தோளில் போட்டு நடந்தால்தான் சமாதானம். கூடத்தில் நடந்து, சமையலறையில் நடந்து, கடைசியில் கால் தானாகவே அவரை ஷட்டர் அறைக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே வந்ததும் அழுகை நின்றது. விசாரணைக்கு வந்த அதிகாரி மாதிரி அவள் விழித்துப் பார்த்தாள். தாத்தா அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்.

"இங்க பாருங்க மேனேஜர் மேடம். இதுதான் சம்பவம் நடந்த இடம். அதோ அந்தப் பக்கம் மலை மாதிரி குமிஞ்சு கிடக்கே, அது உங்கம்மா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான், பையைத் தூக்கிப் போட்டா பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இந்தப் பக்கம் பாருங்க, கோடு போட்ட மாதிரி அடுக்கி இருக்கே, இது தாத்தா. இந்த நீலம் தெரியுதா? எவ்வளவு தேய்ச்சும் போகல. இதுவும் உங்கம்மாதான், மடிச்சு உள்ள வச்சாலும் எட்டிப் பாக்கும். அங்க அவங்க, இங்க நான். நடுவுல யாரு? நீங்கதான். நீங்க ஒரே ஒரு தடவை ஒண்ணுக்குப் போயிட்டீங்கன்னா போதும், ரெண்டு பக்கமும் சமமாயிடும். அவங்க கலையும் காலி, நம்ம இஸ்திரியும் காலி..."

பின்னால் 'ஹக்' என்று ஒரு சத்தம். போன் பண்ணுவதற்காகக் கையில் போனோடு நடந்து வந்த மகள், கதவைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் கை வைத்து மடிந்து நின்றாள்.

"பேசாதீங்கப்பா... தையல் போட்ட இடம் வலிக்குது... ஐயோ, பேசாதீங்க..."

தாத்தா வாயை மூடிக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். படத்தில் குவிந்து கிடக்கும் கந்தலைப் பார்த்தாள். ஸ்டூலில் அட்டென்ஷனில் நிற்கும் அடுக்கைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். போனைக் கவிழ்த்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"அப்பா, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளுங்க. மெதுவா. அடுக்கு கலைஞ்சுடக் கூடாது."

"எதுக்கு?"

"வலது பக்கம் காலியாத்தானே இருக்கு?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே அமர்க்களம். அவள் பால் கொடுப்பாள், ஓடுவாள், வரைவாள், அழுகை கேட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஓடி வருவாள். நாலு அடி பின்னால் போய்ப் பார்ப்பாள், முதுகில் துணிக்கொடி இடிக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அப்பாவைக் குழந்தையோடு நிற்கவைத்து, "எது கனமா இருக்கு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று கேட்பாள். "மேனேஜர்தான் கனமா இருக்காங்க" என்பார் தாத்தா. இஸ்திரி போட்ட மடிப்பின் விளிம்பு அவளை ரொம்பப் படுத்தியது. குவியலை வரைவது சுலபம், இந்த நேர்கோடு உயிரை எடுக்கிறது என்று பல்லைக் கடித்தாள். "அது அப்படித்தான்" என்று தாத்தா பெருமையாகத் தலையாட்டினார்.

ஒரு சமயம் அவள் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். "தூரிகை துடைக்க ஒரு துணி குடுங்கப்பா."

தாத்தா சுற்றும் முற்றும் பார்த்தார். வீட்டில் இருந்த கந்தல் எல்லாம் ஸ்டூலின் மேல் படத்துக்கு உட்கார்ந்திருந்தது, அதில் ஒன்றை உருவ முடியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தும்பைப்பூ மாதிரி வெளுத்த துண்டு. ஒரு தடவை தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார்.

நீலம்தான் முதலில் விழுந்தது.

சனிக்கிழமை வேனோடு வந்த கண்காட்சிக்காரர், ஈரம் காயாத படத்தின் முன்னால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். குவியலுக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு வெறுமனே வெளிச்சம் மட்டும் இருந்தது.

"இந்த இடம் ஏன் காலியா இருக்கு?"

"அது மேனேஜர் சீட்டு" என்றார் தாத்தா.

கண்காட்சிக்காரர் அதையும் ஏதோ கலைச் சொல் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டினார். "படத்துக்குப் பேரு என்ன எழுதிக்கட்டும்?"

"அப்பா வந்த வாரம்" என்றாள் மகள்.

தாத்தா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "படத்துல மேலேர்ந்து மூணாவது துணியில ஒரு நூல் வெளிய நீட்டிட்டு இருக்கு. அரை மணி குடுத்தீங்கன்னா அதை மட்டும் எடுத்து மறுபடி..."

"வேணாம்!" என்று மகள், மாப்பிள்ளை, கண்காட்சிக்காரர், கயிறு கட்டிக்கொண்டிருந்த வேன் டிரைவர், எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். மேனேஜர் திடுக்கிட்டு மணி அடிக்க ஆரம்பித்தாள்.

இன்று காலையில் கண்காட்சி தொடங்குகிறது. தாத்தா விடிந்ததுமே குளித்து, தானே துவைத்துத் தானே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். மேனேஜரைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவள் சாவகாசமாக ஒரு ஏப்பம் விட்டு, குடித்த பாலில் பாதியை அவர் தோளில் இறக்கி வைத்தாள். மஞ்சளும் வெள்ளையுமாக அது நெஞ்சுப் பக்கம் வழிந்தது. தாத்தா குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பொத்தானைக் கழற்றியபடியே குழாயடிக்கு ஓடினார். ஷட்டர் அறை வாசலில் மகள் குறுக்கே வந்து நின்றாள், கொண்டையில் தூரிகையோடு. ஒரு கண்ணை ஏற்கெனவே மூடியிருந்தாள்.

"சட்டையில கை வைக்காதீங்கப்பா. அப்படியே வந்து ஸ்டூல்ல உக்காருங்க, நான் இன்னும் பார்த்து முடிக்கல."